கொடைக்கானலுக்கு எப்போது வரலாம்? மழை, பனி, மூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருமாள்மலையில் பிறந்து நாயுடுபுரத்தில் குடியிருப்பவன் நான். மதுரை, திருச்சி, சென்னை என்று கீழே இருக்கிற உறவுக்காரர்களும் நண்பர்களும் ஆண்டு முழுக்க ஃபோன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கொடைக்கானலுக்கு வர எது நல்ல மாதம்?

ஒரு பதில்தான் சொல்ல வேண்டும் என்றால், பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் பாதி வரை. மழை குறைவு, வானம் தெளிவு, ரூம் வாடகையும் மே மாதம் போல ஏறியிருக்காது. குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நின்றால் பழனி மலையும் வைகை அணையும் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

ஆனால் எந்த மாதம் வந்தாலும் நேரத்தைக் கணக்கு வையுங்கள். இந்த மலை காலையில் திறந்து மதியம் மூடிக்கொள்ளும். வெயில் ஏற ஏறச் சமவெளிக் காற்று சூடாகிச் சரிவு வழியே மேலே வரும். 2,100 மீட்டர் உயரத்துக்கு வருவதற்குள் அது குளிர்ந்து மேகமாகிவிடும். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்த்து மேகம் என்று சொல்வது, இங்கே நடக்கிறவர் முகத்தில் ஈரமாகப் படும். அதைத்தான் மூட்டம் என்கிறோம்.

ஒரு நாள் கோக்கர்ஸ் வாக்கில், பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் அந்த நடைபாதையில், பார்த்தது மனதில் நிற்கிறது. மதியம் ஒன்றரை மணி. ஓர் அம்மா, பள்ளிக்கூட வயதில் இரண்டு பையன்கள். டிக்கெட் வாங்கும்போது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. பெரியவன் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, கீழே ஒரு ஊரின் தகரக் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்று வரை எண்ணினான். கீழிருந்து ஒரு வெள்ளைப் படலம் மரங்களைத் தொட்டபடி ஏறியது. கூரைகள் போயின, பிறகு மரங்கள், பிறகு கம்பிக்கு அந்தப்பக்கம் எதுவுமே இல்லை. சின்னவன் அப்போதுதான் ஐஸ்கிரீமை முடித்துவிட்டு வந்து சேர்ந்தான். அவனுக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

அவர்கள் காலை முழுவதும் ஏரியில் படகு ஓட்டிவிட்டு வந்தவர்கள். ஏரியை எந்த நேரத்திலும் பார்க்கலாம், மூட்டத்தில் அது இன்னும் அழகு. தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், டால்பின் மூக்கு, மோயர் முனை ஆகிய நான்கு காட்சி முனைகளையும் காலை பத்தரை, பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். 1899-இல் இந்த மலையில் சூரிய ஆய்வகம் அமைத்தவர்களும் தெளிந்த வானத்தைத் தேடித்தான் இங்கே வந்தார்கள். எவர்ஷெட் என்பவர் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடுவதைக் கண்டறிந்தது அங்கேதான்.

ஜூலையில் கேரளாவில் கொட்டுகிறது, மூணாறில் மண்சரிவு என்கிறார்கள். நாங்கள் போட்ட புக்கிங்கை ரத்து செய்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இதுதான்.

மலை என்றாலே எல்லா இடத்திலும் ஒரே மழை என்று எண்ணிக்கொள்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வருகிறது. அதன் ஈரத்தை முதலில் வாங்கிக்கொள்பவை மேற்கே இருக்கும் மூணாறு, வால்பாறை, நீலகிரியின் மேற்குச் சரிவு. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது அப்படித்தான். பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டு நிற்கும் கை. காற்று இங்கே வந்து சேரும்போது சுமையில் பெரும்பகுதியை இறக்கிவிட்டிருக்கும்.

அதனால் ஜூன், ஜூலையில் இங்கே தூறல், பலமான காற்று, நாள் முழுக்க மூட்டம். சில நாள் சூரியனே தெரியாது. ஆனால் பயணத்தை நிறுத்தும் அளவுக்கு மழை அபூர்வம். காட்சி முனைகளை நம்பி வராதீர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சூடான டீ குடிக்க, பூம்பாறை கிராமம் வரை மெதுவாகப் போய்வர, நெரிசல் இல்லாத சாலையில் நடக்க விரும்புகிறவர்களுக்கு ஜூலை பிடிக்கும். எனக்கே பிடித்த மாதம் அது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சாயங்கால இடிமழை கூடும், காலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

மூணாறையும் சேர்த்து ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்கள் மட்டும் கேரளச் செய்தியைக் கவனித்தாக வேண்டும்.

அப்படியானால் உண்மையில் எந்த மாதம் பயப்பட வேண்டும்?

அக்டோபர், நவம்பர். டிசம்பர் முதல் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலுக்குப் பெரிய மழை மதுரை, திண்டுக்கல்லோடு சேர்ந்து வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மி.மீ. மழை பெய்யும் ஊர் இது, அதில் அதிகம் பெறும் மாதம் அக்டோபர். ஐப்பசி அடைமழை என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த மலைக்கும் பொருந்தும்.

வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். அந்த நாட்களில் மலையைவிட மலைப்பாதைதான் கவலை. மண் ஊறிப் பாறை உருளும், மரம் சாயும், கரண்ட் போகும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, உள்நாட்டைக் கடந்து இந்தப் பக்கமாகத்தான் போனது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில் புயல் என்ன செய்யும் என்று இருந்தோம். விடிந்து பார்த்தால் சாலையெல்லாம் மரம். அதற்குப் பிறகு வானிலை மையம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டாலே, வருவதாகச் சொன்னவர்களை நானே கூப்பிட்டு இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லிவிடுகிறேன்.

அதே சமயம், மழை விட்ட மறுநாள் காலைக்கு ஈடு கிடையாது. எல்லா அருவியிலும் தண்ணீர் இருக்கும். வத்தலக்குண்டு பாதையில் டம்டம் பாறையில் நின்றால் எதிரே எலிவால் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வெள்ளைக் கோடாக இறங்குவது தெரியும். கோடையில் அதே இடத்தில் அந்தக் கோடு இருந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும். பழந்தமிழ் இலக்கணம் குறிஞ்சி நிலத்துக்குரிய பருவமாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்திருக்கிறது, அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை. மலையை அறிந்தவர்கள் வைத்த கணக்கு அது. மழைக்கு நடுவே நாள் பார்த்து வர முடிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் காஷ்மீர் மாதிரி பனி கொட்டுமா?

கொட்டாது. இங்கே விழுவது உறைபனி. பகலில் 17, 18 டிகிரி வரை வெயில் காயும். இரவு 8-க்கு இறங்கும், சில நாள் இன்னும் கீழே போகும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் ஒன்றும் இருக்காது, ஜிம்கானா, பாம்பார்புரம் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும். கல் உப்பைப் பொடித்துத் தூவியது போல இருக்கும், விரலால் சுரண்டினால் நறநறவென்று வரும். ஏரியிலிருந்து ஆவி எழும்பும்.

பார்க்க வேண்டுமானால் ஆறரை மணிக்கு அங்கே இருங்கள். வெயில் பட்ட கால் மணி நேரத்தில் புல் வெறும் ஈரமாகிவிடும். முதல் நாள் இரவு நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் மறுநாள் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். வானம் மூடியிருந்தால் தூங்குங்கள்.

ஸ்கூல் லீவு மே மாதம்தான். அப்போது வரவே கூடாதா?

வரலாம். கீழே நாற்பது டிகிரி கொளுத்தும்போது இங்கே பகல் இருபதை ஒட்டித்தான் இருக்கும், அந்த ஆசையில் வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ப்ளம்ஸ் பழம் வரும் காலம். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான். ஏப்ரல், மேயில் மதியத்துக்கு மேல் கோடை மழை இடியோடு வந்து ஒரு மணி நேரம் அடித்துவிட்டு நின்றுவிடும், அதுவும் நன்றாகவே இருக்கும்.

சிக்கல் கூட்டம்தான். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் ஒரு கல்யாணம் முடிந்து குடும்பத்தோடு ஏறி வந்தேன். வெள்ளி அருவிக்குக் கீழேயே வண்டிகள் நின்றுவிட்டன. கடைசி எட்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். எங்களுக்கு முன்னால் நின்ற வேனில் ஒரு கைக்குழந்தை அழுது அழுது ஓய்ந்தது, பால் கலக்க வெந்நீர் கேட்டுக் கடை கடையாக அதன் அப்பா நடந்தார். குளிர்ந்த காற்றுக்காக வந்தவர்கள் டீசல் புகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் வலித்தது. ஊருக்குள் தண்ணீருக்கும் அப்போதுதான் தட்டுப்பாடு வரும், பல விடுதிகள் லாரித் தண்ணீரை நம்பி ஓடுகின்றன.

மேயில்தான் முடியும் என்றால் திங்கள் மாலை ஏறி வியாழன் இறங்குங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் பாதித் தொல்லை இல்லை. ஊருக்குள் தங்காமல் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தங்குவதும் நல்ல யோசனை.

இ-பாஸ் இன்னும் இருக்கிறதா?

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர முன்கூட்டியே எடுக்க வேண்டிய அனுமதியாக இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. அரசு இணையதளத்தில் கட்டணமில்லாமல் எடுக்கலாம். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் புறப்படுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஐந்து லிட்டரும் அதற்குக் குறைவும் பிடிக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இங்கே தடை உண்டு. சோதனைச் சாவடியில் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிப்பார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். சோலையில் கிடக்கும் பாட்டிலைக் காட்டெருமை நக்குவதைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

எந்தப் பாதையில் ஏறுவது?

மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தால் வத்தலக்குண்டு வழி. கோவை, பொள்ளாச்சி பக்கமிருந்து வந்தால் பழனி வழி, 65 கி.மீ. அளவில். இரண்டும் பெருமாள்மலையில் சேரும். ரயிலில் வந்தால் கொடைரோடு நிலையத்தில் இறங்கி 80 கி.மீ. ஏற வேண்டும்.

மழைக்காலத்தில் பழனிப் பாதையை இரவில் எடுக்காதீர்கள். எந்தப் பாதையானாலும் இருட்டுவதற்கு முன் மேலே வந்துவிடுவதே சரி. மூட்டத்தில் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், தாழ்த்திப் போடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை வழக்கம். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் நாற்றம் வந்தால் உடனே ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

குழந்தைக்கு வளைவில் வாந்தி வரும். வயதானவர்களைக் கூட்டி வரலாமா?

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறக்கூடாது, வெறும் வயிற்றோடும் கூடாது. இரண்டு இட்லி போதும். முன் சீட், திறந்த ஜன்னல், ஃபோன் கையில் இல்லாமல் தூரத்துப் பாதையைப் பார்ப்பது, முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்துவது, இவற்றிலேயே பாதி சரியாகும். மாத்திரை தருவதென்றால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுங்கள்.

இந்த உயரத்தில் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுப் பிரச்சினை வராது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி விடியற்காலை ஒத்துக்கொள்ளாது, இன்ஹேலர் கையில் இருக்கட்டும். இதய நோய் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வருவது நல்லது.

என்ன உடை எடுத்து வருவது?

கனமான ஒரே ஸ்வெட்டரைவிட, ஒன்றின் மேல் ஒன்றாகப் போடக்கூடிய இரண்டு மூன்று உடைகள் உதவும். ஏழு மணிக்கு நடுங்குகிறவர் பதினோரு மணிக்கு வியர்ப்பார். காதை மூடக் குல்லாவோ மப்ளரோ கட்டாயம். இங்கே குளிர் காது வழியாகத்தான் ஏறும் என்று என் அப்பத்தா சொல்வார், அனுபவத்தில் உண்மை. ஜூன் முதல் டிசம்பர் வரை குடையை நம்பாதீர்கள், காற்று அதைத் திருப்பிவிடும். ரெயின்கோட் வேண்டும். பாறையெல்லாம் பாசி பிடித்திருக்கும், செருப்போடு அருவிக்கு இறங்க வேண்டாம். மழை நாளில் சோலைக்குள் அட்டை ஏறும், சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். குளிரில் உறைக்காவிட்டாலும் இந்த உயரத்து வெயில் தோலைச் சுட்டுவிடும்.

ரூம் எடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கரண்ட் போனால் மாற்று உண்டா, ஆளுக்கு எத்தனை கம்பளி, இவை மூன்றும். பள்ளத்தாக்கைப் பார்த்த அறை என்று கூடுதல் வாடகை கேட்டால், ஜூலையில் அதைக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பையோ, கறி சுட்ட அடுப்பின் தணலையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இந்த மலையில் அப்படி இறந்திருக்கிறார்கள்.

ஃபோனில் காட்டும் வானிலையை நம்பலாமா?

ஓரளவு. பழனியும் கொடைக்கானலும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், உயரத்திலோ கிட்டத்தட்ட 1,800 மீட்டர் வித்தியாசம். சில செயலிகள் இரண்டையும் கலந்து கணக்கிட்டுவிடும். கொடைக்கானலுக்கு 31 டிகிரி என்று காட்டினால் அது கீழே எங்கேயோ உள்ள கணக்கு. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள், கூடவே தங்கப்போகும் இடத்துக்கு ஃபோன் போட்டு "நேத்து மதியம் எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். இன்று எப்படி என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

பேரிஜம் ஏரி, ட்ரெக்கிங் எல்லாம் எப்போது?

பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், வண்டிகளுக்கும் எண்ணிக்கை உண்டு. யானை வந்துவிட்டால் மூடிவிடுவார்கள், சில நேரம் நாள் கணக்கில். அதற்காகவே ஒரு பயணத்தைத் திட்டமிட வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து காட்டுத்தீ பிடிக்கும் காலம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியாது. அந்த மாதங்களில் பாதை மூடியிருக்கிறது என்றால் வேறு வழி சொல்கிறேன் என்று வருகிற யாரோடும் போகாதீர்கள்.

ஊருக்குள்ளேயே சாயங்காலம் காட்டெருமை நடந்து வரும். அமைதியாகத்தான் போகும். செல்ஃபி எடுக்கக் கிட்டே போனால் முட்டும்.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை. 2006, 2018, அடுத்தது 2030. அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு ஆண்டுகளிலும் சில செடிகள் பூக்கும், வேறு வகைக் குறிஞ்சிகளும் உண்டு. மலைச் சரிவே நீலமாவதைப் பார்க்க 2030-க்குக் காத்திருக்க வேண்டும். பூ உச்சத்தில் இருப்பது ஆகஸ்ட், செப்டம்பர் என்பதால் மூட்டத்துக்கும் தயாராக வர வேண்டும்.

இரண்டே நாள் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் மதியத்துக்குள் மேலே வந்துவிடுங்கள். அன்று சாயங்காலம் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடை, மூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் படுத்து, மறுநாள் காலை திறந்ததும் கோக்கர்ஸ் வாக், அங்கிருந்து தூண் பாறை, வழியில் பைன் காடு. பத்தரைக்குத் திரும்பி வந்து டிபன் சாப்பிடலாம். பிறகு பூம்பாறை. படிப்படியாக வெட்டிய வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை விளைவிக்கிறவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம். கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், காரம் மூக்கிலேயே தெரியும். இரண்டரை மணிக்குள் அங்கிருந்து கிளம்பி, மூன்றரைக்கு இறங்கத் தொடங்குங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்துவிடலாம்.